கங்கைகொண்டானுக்குப் போன கேள்வித்தாள்

1916ஆம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது பேராசிரியர் அவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினார். ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஏர், நிலம் யார் பேரில், உழுகிறவர் யார், குத்தகை எவ்வளவு, கடன் யாரிடம், வட்டி என்ன என்று நீளும் கேள்விகள். அந்தப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். இந்தியப் பொருளியலுக்கென்று அந்தப் பல்கலைக்கழகம் 1915இல் அமர்த்திய முதல் பேராசிரியர். மாணவர்கள் திரட்டி வந்த கணக்குகள் 1918இல் நூலாக வந்தன. தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய அந்த நூலில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று நெல்லைப் பக்கத்து நம் கங்கைகொண்டான்.

கதை அதோடு முடியவில்லை. 1936–37இல் பொருளியலாளர்கள் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் மீண்டும் கங்கைகொண்டானுக்கு வந்தார்கள். ஒரே ஊரை மூன்று தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து எண்ணிப் பார்த்தது இந்தியாவில் எங்கும் நடக்கிற காரியமில்லை. நெல் வயலும் சிற்றாற்றுத் தண்ணீருமாக ஸ்லேட்டரின் மாணவர் பார்த்த ஊரில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. டயர் தொழிற்சாலை இருக்கிறது, சூரிய மின்தகடு செய்யும் ஆலை இருக்கிறது. மதுரை சாலையில் பஸ்ஸில் போகிற யாரும் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

நான் பாளையங்கோட்டையில் எம்.ஏ. பொருளியல் முடித்தவன். இந்தச் செய்தி ஒன்றுகூடத் தெரியாமல்தான் முடித்தேன். இரண்டு வருடத்தில் ஆங்கிலேயப் பொருளியலாளர் ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டை, அதாவது நிலத்துக்கான வாடகை எப்படி உருவாகிறது என்பதை, மூன்றுமுறை பரீட்சையில் எழுதினேன். பக்கத்து ஊரில் குத்தகை எப்படிப் பிரிகிறது என்று ஒருமுறைகூட யாரும் கேட்கவில்லை. கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. எங்கும் அப்படித்தான் நடந்தது. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். பொருளியல் முதுகலைப் படிப்பு என்பது கருவி பாதி, களம் பாதி. நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்குக் களம் காலடியிலேயே கிடக்கிறது. கருவிதான் கைக்கு வராமல் போகிறது. அது ஏன் வராமல் போகிறது, எப்படி வரவழைக்கலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் படிப்பின் அமைப்பு. இங்குள்ள கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தோடும், 1966க்குப் பிறகு மதுரையோடும் இணைந்திருந்தன. 1990இல் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபின் நெல்லை, தூத்துக்குடி, குமரி, இப்போது தென்காசி என எல்லாம் அதன்கீழ். எம்.ஏ. நான்கு பருவம். நுண்ணியல் (வீடு, கடை, சந்தை அளவில்), பேரியல் (நாட்டளவில்), புள்ளியியல், பொது நிதி, பன்னாட்டு வணிகம், பொருளாதார அளவையியல் (தரவைக் கொண்டு பொருளியல் கேள்விகளுக்கு விடை தேடுவது), கடைசியில் ஒரு ஆய்வேடு. தாள்களின் பெயரை வைத்துப் பார்த்தால் டெல்லியில் படிப்பதற்கும் பாளையங்கோட்டையில் படிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் உள்ளே இருக்கிறது.

பி.ஏ.வில் நாம் படித்தது சொல்லால் ஆன பொருளியல். முதல் இட்லி தரும் நிறைவு இரண்டாவதில் குறையும், ஐந்தாவதில் இன்னும் குறையும் என்று குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை ஒரு பக்கம் எழுதி, படம் வரைந்து, அம்புக்குறி போட்டால் மதிப்பெண் வந்துவிடும். எம்.ஏ.வில் அதே விஷயம் வேறு உடுப்பில் வருகிறது. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு வருமானம், பொருள்களுக்கு இன்னின்ன விலை. இந்தக் கட்டுக்குள் நிறைவை எப்படி உச்சமாக்குவது? இதை லக்ராஞ்சி முறை என்ற நுண்கணித வழியில் தீர்க்கிறார்கள். அதில் லாம்டா என்று ஒரு எழுத்து வரும். பெரும்பாலான பிள்ளைகள் அதைக் கண்டதும் பேனாவை மூடிவிடுவார்கள். ஆனால் அந்த எழுத்து கேட்பது மிக எளிய கேள்வி: கையில் இன்னும் ஒரு ரூபாய் இருந்தால் இந்த வீட்டுக்கு எவ்வளவு கூடுதல் நிறைவு கிடைக்கும்? வாரச் சம்பளம் வாங்கும் எந்த அம்மாவுக்கும் இதன் விடை தெரியும். பால் பாக்கிக்கா, சீட்டுக்கா, பிள்ளையின் நோட்டுக்கா என்று அந்த ஒரு ரூபாயை அவள் மனசுக்குள் வைத்து எடை போட்டுக்கொண்டே இருக்கிறாள். கணிதம் அவள் செய்வதை எழுதி வைக்கிறது, அவ்வளவுதான்.

அந்த எழுத்தைக் கண்டு பயம் வருவது எங்கிருந்து? பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பில் கணக்கில் மதிப்பெண் குறைந்தால் கணக்கு இல்லாத குரூப். அதை முடித்தவருக்கு பி.ஏ. பொருளியல் கிடைக்கும். வணிகவியல் கிடைக்காதவர், ஆங்கிலம் கிடைக்காதவர் எல்லாரும் வந்து சேரும் இடமாக இந்தத் துறையை ஆக்கி வைத்திருக்கிறோம். ஆகக் கணிதத்தைவிட்டு ஐந்து வருடம் ஒதுங்கியிருந்த பிள்ளையின் முன்னால் எம்.ஏ. முதல் பருவத்திலேயே வகைக்கெழுவும் அணிக்கோவையும் வந்து நிற்கின்றன. ஆசிரியருக்கும் வேறு வழி தெரிவதில்லை. கணக்கு வரும் பகுதியைத் தாண்டிப் போகிறார், அல்லது படியை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார். என் வகுப்பில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். தேர்வில் தேறினோம், கருவி மட்டும் கைக்கு வரவில்லை.

இதற்கு நான் கண்ட மருந்து ஒன்று உண்டு, செலவில்லாதது. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ புத்தகங்கள். தமிழிலேயே இருக்கின்றன, இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அணிகள், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், நிகழ்தகவு, குறியீட்டெண் எல்லாம் இருப்பதோடு, தேவை நெகிழ்ச்சி, இறுதிநிலைச் செலவு, நுகர்வோர் உபரி என்று பொருளியல் கணக்குகளாகவே பயிற்சிகள் இருக்கின்றன. பி.ஏ. கடைசிப் பருவம் முடிந்து எம்.ஏ. தொடங்கும் வரை உள்ள இடைவெளியில் தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அடித்தளம் போட்டுவிடலாம். கணக்கு நமக்கு வராது என்று பதினைந்து வயதில் யாரோ சொன்னதை இருபத்திரண்டு வயதிலும் சுமக்க வேண்டியதில்லை.

அடுத்தது மொழி. இதில் நான் ஒருபக்கமாகப் பேச விரும்பவில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமையை 2010ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பின் பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ் வழியில் வந்திருக்க வேண்டும். முதுகலை ஆசிரியர் பணிக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு இது பெரிய பலம். தமிழில் படிப்பவர் கருத்தை ஆழமாகப் பிடிக்கிறார் என்பதும் நான் கண்ணால் கண்டது. மறுபக்கம், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. மத்திய அரசுக்குப் பொருளியலாளர்களை எடுக்கும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எனவே தமிழில் சிந்தித்து, கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் வைத்துக்கொள்வதுதான் வழி. ஒரு நோட்டில் இடப்பக்கம் சமநோக்கு வளைகோடு, வலப்பக்கம் அதன் ஆங்கிலப் பெயர் என்று எழுதிக்கொண்டே வந்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். நான்காம் பருவத்துக்குள் அவள் கையில் ஒரு அகராதியே இருந்தது.

இனி இந்தப் படிப்பின் உயிர்நாடிக்கு வருவோம். பொருளாதார அளவையியல் என்றால் ரெக்ரஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணக்கிடும் முறை) போடுவது என்று மட்டும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ரெக்ரஷனை இன்று கணினி ஒரு நொடியில் போட்டுத் தந்துவிடும். அதற்கான ‘ஆர்’ என்ற மென்பொருளும் இலவசம். வந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் படிப்பு இருக்கிறது.

ஒரு நெல்லை உதாரணம். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கம் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ‘தாய் பீடி சுத்துத வீட்ல பொம்பளப் பிள்ள படிப்ப சீக்கிரம் நிறுத்திருதாவ’ என்று ஊரில் சொல்வார்கள். உண்மையா? பீடி சுற்றும் நூறு வீடு, சுற்றாத நூறு வீடு எடுத்துப் பிள்ளைகள் எத்தனை வருடம் படித்தார்கள் என்று ஒப்பிட்டால் ஒரு எண் வரும். அந்த எண் பீடியின் விளைவா, வறுமையின் விளைவா? நிலமில்லாத வீட்டுப் பெண்தான் பீடித்தட்டை மடியில் வைக்கிறாள். நிலமில்லாத வீட்டுப் பிள்ளைதான் படிப்பையும் நிறுத்துகிறது. இரண்டுக்கும் பின்னால் ஒரே காரணம் இருக்கலாம். இன்னொரு புறம், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. அந்தக் கூலியால்தான் பிள்ளை கல்லூரிக்கே போனது என்ற வீடுகளும் நிறைய. ஆக விளைவு எதிர்த்திசையிலும் இருக்கக்கூடும். காரணத்தையும் கூடவரும் தற்செயலையும் பிரித்தறிவதற்குத்தான் இந்தத் துறை கடந்த நாற்பது வருடமாகத் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் 1992இல் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் எல்லைக்கு இருபுறமும் உள்ள துரித உணவுக் கடைகளில் கூலி உயர்வுக்கு முன்னும் பின்னும் வேலையாட்களை எண்ணினார்கள். கூலியை உயர்த்தினால் வேலை குறையும் என்று பாடப்புத்தகம் சொன்னது. அப்படிக் குறைந்ததாக அவர்கள் காணவில்லை. 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது இதுபோன்ற வேலைகளுக்காகத்தான். அவர்கள் கையில் இருந்தது என்ன? ஒரு எல்லைக்கோடு, பொறுமையாக எண்ணும் பழக்கம்.

எல்லைக்கோடு நம்மிடம் இல்லையா? செங்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் அது திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தென்காசியோ சென்னை மாகாணம். ஒரே மலை, ஒரே சாரல், ஒரே மொழி. ஆண்டவர்கள் மட்டும் வேறு, பள்ளிக்கூடம் நடத்திய முறை வேறு, நிலவரி வேறு. அந்த வேற்றுமை இன்றைக்கும் நில உடைமையிலோ பெண்கல்வியிலோ தெரிகிறதா? பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூல்களும் இரண்டு பக்கத்து வருவாய்ப் பதிவேடுகளும் இருந்தால் ஆராயலாம். ஆராய்வதற்குமுன் கவனிக்க வேண்டியவையும் உண்டு. எல்லையைச் சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. அதைப் போட்டபோதே இருபக்கமும் மண்ணும் பாசனமும் ஒன்றாகத்தான் இருந்தனவா? ஆட்கள் இடம் மாறினார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும்போதுதான் மாணவர் பொருளியலாளராக மாறுகிறார். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. ஆனால் ஆண்டுதோறும் ‘சுய உதவிக் குழுக்கள்: ஓர் ஆய்வு’ என்ற தலைப்பு மட்டும் ஊர்ப்பெயர் மாறி மாறிக் கட்டாகி அலமாரியில் சேர்கிறது. அதில் போகும் உழைப்பை நினைத்தால் மனசு வலிக்கிறது.

தரவு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தேசிய மாதிரி ஆய்வின் குடும்ப வாரியான விவரங்களை மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. 2017–18இல் தொடங்கிய தொழிலாளர் ஆய்வும் அப்படியே. ஆனால் தனி ஒரு மாவட்டத்தை எடுத்தால் அவற்றில் வீடுகளின் எண்ணிக்கை சிறியது. மாநிலத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லும் தரவு முக்கூடலைப் பற்றி அதே உறுதியோடு பேசாது. அப்போது ஸ்லேட்டர் செய்ததைத்தான் செய்ய வேண்டும், கேள்வித்தாளோடு நேரில் போக வேண்டும்.

வேலை பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். சுருக்கமாகவே சொல்கிறேன். வங்கித் தேர்வுக்கும் குரூப் 2க்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும், குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பே போதும், அதற்காக எம்.ஏ.யில் இரண்டு வருடம் போட வேண்டாம். மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியராக எம்.ஏ.வோடு பி.எட். வேண்டும். கல்லூரி ஆசிரியராக நெட் அல்லது அதன் மாநில அளவுத் தேர்வான செட், இல்லையென்றால் முனைவர் பட்டம். இந்தியப் பொருளாதாரப் பணிக்குப் பொருளியல் முதுகலை கட்டாயம், வயது 21 முதல் 30. எழுத்துத் தேர்வு 1000 மதிப்பெண், அதில் 800 பொருளியலுக்கே, பிறகு நேர்காணல் 200. இடங்கள் குறைவுதான். ஆனால் நன்றாகப் பொருளியல் படித்தவருக்கென்றே நடத்தும் தேர்வு அது. ரிசர்வ் வங்கியின் ஆராய்ச்சித் துறைக்கும் தனித் தேர்வு இருக்கிறது.

மேலே ஆய்வுக்குப் போக நினைப்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எம்.ஃபில். என்ற இடைப்படி 2022இல் யு.ஜி.சி. விதிகளோடு முடிந்துவிட்டது. பழைய அண்ணாச்சிமார் சொல்லும் ‘முதல்ல எம்.ஃபில். முடி’ என்ற யோசனை இன்று செல்லாது. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடம், கூடியது ஆறு. நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. நெல்லைக் குடும்பங்களுக்கு இந்தத் தொகை கல்யாணப் பேச்சையே தள்ளிப்போட வைக்கும் பலம் உடையது, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. அதனால்தான் எம்.ஏ. முதல் வருடத்திலேயே நெட் தயாரிப்பைத் தொடங்கச் சொல்கிறேன்.

எங்கே போவது என்றால் சென்னையை மட்டும் நினைக்கிறோம். திருவனந்தபுரம் நமக்கு அதைவிடப் பக்கம். அங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கியவர் பொருளியலாளர் கே.என். ராஜ். 1971இல் சென்னையில் மால்கம் ஆதிசேஷையா தொடங்கியதுதான் பின்னாளில் கங்கைகொண்டானுக்கு ஆள் அனுப்பிய அந்த நிறுவனம். திருவனந்தபுரத்து மையம் 1975இல் ஐ.நா.வுக்காகக் கேரளத்தின் வறுமையையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து தந்த அறிக்கை உலகப் பொருளியலாளர்களின் பேச்சை மாற்றியது. வருமானம் குறைந்த ஓர் இடத்திலும் கல்வியும் உடல்நலமும் உயர முடியும் என்பதற்குக் கணக்குக் காட்டியது. சொந்த ஊரைக் கூர்ந்து பார்த்ததால் வந்த பலன் அது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ், ஜே.என்.யு. முதுகலைக்கெல்லாம் இப்போது கியூட் என்ற பொது நுழைவுத்தேர்வுதான். பி.ஏ. இறுதியாண்டிலேயே எழுதலாம், தமிழ்நாட்டிலேயே மையம் உண்டு.

வெளிநாடு என்றால் அமெரிக்க முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே பிஎச்.டி. ஐந்து ஆறு வருடம். நல்ல பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் அவர்களே தருகிறார்கள். முதல் வருடம் முழுக்க நுண்ணியல், பேரியல், அளவையியல் வகுப்பு, முடிவில் ஒரு தகுதித் தேர்வு. அந்த வகுப்பைத் தாங்குவாரா என்று பார்க்கத்தான் கணிதப் பாடங்களின் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு அங்கே பெரிய எடை. ‘இந்த மாணவர் ஒழுக்கமானவர்’ என்று எழுதும் கடிதத்தால் பயனில்லை, மாணவர் செய்த ஆய்வைப் பற்றி விவரமாக எழுதக்கூடிய ஆசிரியர் வேண்டும். அதற்கு முதலில் ஆய்வு ஒன்று செய்திருக்க வேண்டும். எப்படிச் சுற்றி வந்தாலும் ஆய்வேட்டிலேயே வந்து நிற்கிறோம்.

அகராதி நோட்டு வைத்திருந்த மாணவி என்று சொன்னேனே, அவள் ஊர் முக்கூடல் பக்கம். தாய் பீடி சுற்றுகிறார். ஆய்வேட்டுக்கு அவள் எடுத்தது பீடிக் கூலி. ‘ஆயிரம் பீடிக்கு எவ்வளவு கூலி’ என்ற கேள்வியை முதலில் வைத்து நான்கு பக்கத்துக்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்து, சரி பார்க்க முதலில் தன் அம்மாவிடமே கேட்டிருக்கிறாள். நானும் அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தேன். அம்மா தட்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “கூலி எல்லாருக்கும் ஒண்ணுதானே தாயி, அதக் கேட்டு என்ன செய்யப்போற? வாரத்துல எத்தன நாளு கம்பெனிக்காரன் இலை போடுதான்னு கேளு. போட்ட இலையில ஆயிரம் தேறுதா, பத்தாததுக்குக் கைக்காசு போட்டு எவ்வளவு இலை வாங்குதோம்னு கேளு.”

கூலி விகிதத்துக்கும் கைக்கு வரும் வருமானத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் முழுக்க அந்தக் கேள்விகளுக்குள் இருந்தது. அவள் முதல் பக்கத்தை அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து புதிதாக மூன்று கட்டம் போட்டாள்: வேலை வந்த நாள், கொடுத்த இலை, காசுக்கு வாங்கிய இலை. மறுநாள் காலையில் அந்தத் தாளை நகல் எடுக்கக் கிளம்பிப் போனாள்.